போகும் பெட்டியும் வரும் பெட்டியும்

போகிறவர் ஒருவர், பெட்டி கட்டுகிறவர் ஒன்பது பேர் என்று எங்கள் வீட்டிலே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அஃது எத்துணை உண்மை என்பதைச் சென்ற விடுமுறையிலே கண்டுகொண்டேன். சிதம்பரம் முதலாய தலங்களைத் தரிசித்து வருவதற்கு ஏழு நாள் யாத்திரை ஒன்றில் என் அன்னையாரும் துணைவியாரும் நானும் சேர்ந்துகொண்டோம். வழிகாட்டி ஒருவர் தலைமையில் ஏறத்தாழ முப்பது பேர். காங்கேசன்துறையிற் கப்பலேறி நாகபட்டினத்தில் இறங்குவது; அங்கிருந்து பேருந்து; தங்குமிடமும் உணவும் அவர்கள் பொறுப்பு. ஆதலின் எங்களுக்கு எஞ்சிய வேலை பெட்டி கட்டுவது ஒன்றே. அந்த ஒரு வேலையில் மூன்று நாள் வீடு இரண்டுபட்டது.

விடுமுறை தோறும் நம்மவர் பலர் இவ்வழி புறப்படுகின்றனர். அவர்களிற் சிலருக்கேனும் பயன்படும் என்னும் எண்ணத்தால், அந்த மூன்று நாட் செய்தியை இவ்வாரம் நேயர்களோடு பகிர்ந்துகொள்கின்றேன்.

நம் முன்னோருக்கு இப்பயணம் புதிதன்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், தலைமன்னாரிற் கப்பலேறித் தனுக்கோடியில் இறங்கிப் புகையிரதம் பிடித்தவர் எத்தனையோ பேர். என் பாட்டியார் அவ்வழிச் சென்றவர். அவர் கட்டிய மூட்டையை அம்மா இன்றும் கண்முன் காண்பது போலச் சொல்லுவார்: ஓலைப்பெட்டி ஒன்றில் அரிசி, மற்றொன்றிற் பருப்பும் மிளகாய்த்தூளும், ஒரு செம்பு, ஒரு பானை, ஒரு பாய். மடத்திலே தங்கித் தாமே சமைத்துண்ட காலம் அது. உடுபுடைவை இரண்டே, சமையலறை மட்டும் முழுதாகக் கூடச் சென்றது!

1964 டிசம்பர்ப் புயலில் தனுக்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களிற் போரோடு நின்றது. நீண்ட காலம் சிதம்பரம் போவதற்கு நாம் முதலிற் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் விமானம் பறக்கத் தொடங்கியது. இடையில் நின்று 2022 டிசம்பரில் மீண்டது. காங்கேசன்துறைக் கப்பலோ 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16 முதல் மறுபடியும் ஓடலாயிற்று. கடலைக் கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம். வாடைக்காற்று வலுத்தாற் கப்பல் நிற்கும். ஆகவே நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு காற்றையும் பார்ப்பது நன்று.

இனிப் பெட்டிக்கு வருவோம்.

முதலில் வைக்கவேண்டியது துணியன்று, தாள். பாட்டியார் காலத்தில் ஒரு மூட்டையும் துணிவும் போதும். 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்தபின் கடவுச்சீட்டும் விசாவுமே பயணத்தின் முதற்பொருள்களாயின. கடவுச்சீட்டு முடிவதற்கு ஆறு மாதமேனும் இருக்கவேண்டும். அதனினும் பெரிய தொல்லை நமது பெயர். தமிழருக்குக் குடும்பப்பெயர் என ஒன்றில்லை. தகப்பன் பெயர் முன்னும் தன்பெயர் பின்னுமாக எழுதுகின்றோம். விசாவுக்கு எழுதும்போதும் சீட்டுப் பதியும்போதும் இரண்டும் இடம் மாறிவிடும். என் துணைவியார் ஒரு தாளில் தம் பெயராலும் மற்றொரு தாளில் என் மாமனார் பெயராலும் பயணம் செய்யவிருந்தார்! கடவுச்சீட்டில் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே ஒவ்வோரெழுத்தும் எல்லாத் தாளிலும் இருக்கின்றதா என்று ஒரு வாரம் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாளிற் கண்டுபிடித்தால் திருத்துவார் கிடையார். தாள்களின் படிகளை வேறொரு பையில் வைப்பதும், வீட்டில் ஒருவரிடம் ஒரு தொகுதி கொடுத்துச் செல்வதும் நலம்.

இரண்டாவது மருந்து. நாளுக்கு மூன்று குளுசை விழுங்குகிறவர்க்கு ஏழு நாளைக்கு இருபத்தொன்று என்று எண்ணி வைப்பது கணக்குக்குச் சரி, பயணத்துக்குச் சரியன்று. கப்பல் ஒருநாள் பிந்தினால் என்ன செய்வது? நாலு நாளைக்கு மேலதிகமாக எடுத்து, இரண்டு பைகளிற் பிரித்து வைக்கவேண்டும். வைத்தியர் எழுதிய சீட்டும் உடன் இருக்கட்டும். அங்கே அதே மருந்து வேறு பெயரில் விற்கும். ஆதலின் மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். விமானத்திற் செல்வோர் இன்சுலினைச் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்தல் ஆகாது. குளிரால் உறைந்து கெடக்கூடும்.

மூன்றாவது தீனி. இங்கேதான் எங்கள் வீட்டில் போர் மூண்டது. பருத்தித்துறை வடை ஒரு பொதி, பயற்றம் பணியாரம் ஒரு தகரம், முறுக்கு ஒரு தகரம், பனங்கட்டிக் குட்டான் ஒரு கோவை, ஒடியல், பினாட்டு எனச் சாப்பாட்டு மேசை நிறைந்துவிட்டது. “தமிழ்நாட்டிலே சோறு இல்லையா?” என்று கேட்டேன். “சோறு இருக்கும், ஒடியல் இராது” என்றார் துணைவியார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கெடாத தீனி கப்பலில் உதவும், போகுமிடத்தில் உபசரித்தோர்க்குக் கொடுக்கவும் ஆகும். ஆனால் மாங்கன்று, விதை, பச்சைப் பழம் இவற்றைக் கொண்டு செல்லற்க; பயிர்நோய் பரவாதிருக்கக் கடுங்கட்டுப்பாடு உண்டு. கறுத்தக்கொழும்பானை இங்கேயே உண்டுவிட்டுப் புறப்படுங்கள். விமானத்திற் போவோர் கொப்பறாவையும் விட்டுவிடவேண்டும். அதிலுள்ள எண்ணெய் காரணமாகத் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால் அதற்குத் தடை.

உடுபுடைவையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. நம்மவர் ஏழு நாளைக்குப் பதினான்கு கட்டுகின்றனர், நான்கு போதும். பருத்தி நன்று, வேட்டி எளிதிற் காயும். பழகிய செருப்பையே அணிக. யாத்திரைக்கென்று வாங்கிய புதுச் செருப்பு இரண்டாம் கோயிலிலேயே கடிக்கும். கைக்கடிகாரத்தைத் திருத்தவேண்டியதில்லை, இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே. மின்செருகியோ ஒன்றன்று: இங்கு இப்போது விற்பவை சதுரமுனையுடையன, அங்கு வட்டமுனை. இணைப்பி ஒன்று வாங்கி வையாதார் கைத்தொலைபேசி முதல் இரவிலேயே உறங்கிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்றுண்டு. போகும் பெட்டி அரைவயிறாயிருத்தல் வேண்டும். வரும் பெட்டி தானே நிறையும். நாவலர் பெருமான் 1849இல் சதாசிவம்பிள்ளையவர்களோடு சென்னைக்குச் சென்றது அச்சியந்திரம் வாங்குவதற்கு. போகும்போது அவர் கொண்டு சென்றது அதிகம் இராது. திருவாவடுதுறையிலே நாவலர் என்னும் பட்டமும், சென்னையிலே ஓர் அச்சியந்திரமும் பெற்று மீண்டார். அவ்வியந்திரம் வண்ணார்பண்ணைக்கு வந்ததனால் நமக்கு விளைந்த நன்மையை விரிக்கவேண்டுவதில்லை. நாம் அச்சியந்திரம் கொண்டுவரப் போவதில்லை. எனினும் நாலு நல்ல நூல்களுக்கும் ஒரு குத்துவிளக்குக்கும் இடம் விட்டுச் செல்லலாமன்றோ?

இவ்விதியை வீட்டாருக்குப் பிரசங்கித்துவிட்டுப் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை ஒவ்வொரு பெட்டியையும் தராசிலே தூக்கிப் பார்த்தேன். அம்மாவின் பெட்டி எடுத்த எடுப்பிலேயே கனத்தது. அவர் கொண்டுவருவது நான்கு சேலை. பின் ஏன் இந்தப் பாரம்? சேலைகளை நீக்கிப் பார்த்தேன். அடியிலே, பொலித்தீன் உறையிற் சுற்றி நூலாற் கட்டிய ஒரு தடித்த கட்டு. காணி உறுதிகள், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், என் தந்தையாரின் இறப்புச் சான்றிதழ், அக்காவின் விவாகப் பதிவு. வீட்டின் சரித்திரம் முழுவதும் அதில் இருந்தது.

“இதை ஏனம்மா கொண்டுவாறியள்?”

“வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை உறுதி கையிலை இருக்கவேணும், தம்பி.”

“ஏழு நாளிலை திரும்பி வந்திடுவம் அம்மா.”

அம்மா சேலையை மடித்தபடியே சொன்னார்: “அண்டைக்கும் ரெண்டு மூண்டு நாளிலை வந்திடுவம் எண்டுதானே வெளிக்கிட்டனாங்கள்.”

எனக்கு மறுமொழி வரவில்லை. அண்டைக்கு என்றால் எங்கள் வீட்டில் ஒரு நாளையே குறிக்கும்: 1995 ஒக்டோபர் 30. அன்று மாலை வலிகாமத்தார் அனைவரும் வெளியேறவேண்டுமென ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அப்போது எனக்குப் பதினைந்து வயது. பெட்டி கட்டக் கிடைத்தது அரை மணி நேரம். எதை எடுப்பது, எதை விடுவது என்று அறியாமல் நான் பாடப்புத்தகங்களை எடுத்தேன். அக்கா தையல் இயந்திரத்தின் அருகே நின்று அழுதாள். தந்தையார் ஒன்றும் பேசாமல் அலுமாரியைத் திறந்து இந்தக் கட்டை எடுத்துச் சட்டைக்குள்ளே வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டார். இலட்சக்கணக்கானோர் நெருக்குண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்த இரவில் மழையும் பெய்தது. என் புத்தகங்கள் நனைந்து கூழாயின. உறுதி நனையவில்லை.

கொடிகாமத்திலே ஓர் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆறு மாதம் இருந்து, 1996இல் மீண்டோம். வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. இது எங்கள் வளவு என்று சொல்லிக்கொள்ளக் கையிலிருந்தது அந்தக் கட்டு ஒன்றே. தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அம்மா அதன் நூலை மட்டும் இடைக்கிடை மாற்றிக் கட்டுவார்.

நான் கல்லூரியிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறவன். எனினும் அந்தப் பாடத்தை அன்றுதான் படித்தேன். பயணத்துக்குப் பெட்டி கட்டுவது வேறு, இடம்பெயர்வதற்குப் பெட்டி கட்டுவது வேறு. என் தலைமுறைக்கு அந்த வேறுபாடு தெரியும். அம்மாவின் கைக்கு அது தெரியாது. பெட்டியைத் திறந்தவுடன் அக்கை அலுமாரிக்குப் போகின்றது. அவரைக் கேலி செய்யவும் கூடாது. மூல உறுதியைக் கடல் கடந்து கொண்டுபோய்த் தொலைக்கவும் கூடாது. என்ன செய்வது?

நியாயம் பேசிப் பார்த்தேன், பயனில்லை. படியெடுத்துத் தருகின்றேன் என்றேன். “படி வேறை, உறுதி வேறை” என்றார். சட்டம் தெரிந்தவரும் அதை மறுக்கமாட்டார். கடைசியாகப் பயணச்சீட்டை எடுத்து வந்து அவர் கையிற் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போகும் நாளைப் படித்தார். “கீழை பாருங்கோ அம்மா” என்றேன். அங்கே, திரும்பி வரும் நாளும் அச்சிடப்பட்டிருந்தது. அம்மா அந்த வரியின்மேல் விரலை வைத்து இரண்டு முறை படித்தார்.

“இது மாறாதோ?”

“காத்தடிச்சால் ஒருநாள் பிந்தும். வாறது வாறதுதான்.”

சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு கட்டை எடுத்து என் கையிலே தந்தார். “அலுமாரியிலை வையாதை. கொக்குவிலிலை அக்காட்டைக் குடு. ஆளில்லாத வீட்டிலை உறுதி இருக்கக்கூடாது” என்றார். இரவோடிரவாகச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். ஒழிந்த இடத்தை என் துணைவியார் பயற்றம் பணியாரத் தகரத்தால் நிரப்பிவிட்டார் என்பதையும் உண்மைக்காகச் சொல்லிவைக்கிறேன்.

பயணம் நன்கு நிறைவேறியது. நடராசப் பெருமானைத் தரிசித்தோம். காற்றும் கருணை காட்டியது. குறித்த நாளிலேயே காங்கேசன்துறையில் இறங்கினோம்.

நேயர்களே, யாத்திரைக்குப் புறப்படுகின்றவர்களுக்கு மருந்து, தாள், தீனி என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று. வீட்டிலுள்ள முதியோரின் பெட்டியிலே உங்களுக்கு வேண்டாததாகத் தோன்றும் பொருள் ஒன்றைக் கண்டால், அதனை எடுத்து வெளியே வைக்குமுன் ஏன் வைத்தீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள். திரும்பி வரும் நாளையும் அவர்களுக்குக் காட்டுங்கள். வாயாற் சொன்னாற் போதாது, எழுத்திலே காட்டுங்கள்.

வீடு வந்து சேர்ந்த அன்று மாலை, அம்மா திருநீற்றுப் பிரசாதத்தைச் சுவாமி அறையில் வைத்தார். பெட்டியை இன்னும் திறக்கவில்லை. தொலைபேசியை எடுத்து அக்காவை அழைத்தார். யாத்திரை எப்படியிருந்தது என்று அவள் கேட்டிருக்கவேண்டும்.

“எல்லாம் வந்து சொல்லுறன். நீ நாளைக்குக் காலமை அந்தக் கட்டைக் கொண்டந்து தா, பிள்ளை.”