குழந்தைக்கு ஆயிரம் விதி, முதலாளிக்கு?

சென்ற பங்குனியில் ஒரு கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைக் கூட்டம். கூலி உயர்வு பற்றிப் பேசி முடித்து, டீ வந்த பிறகு, ஒரு அம்மா எழுந்து ஒரு சங்கதி சொன்னார். அவர் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு வேப்பமரம். அதில் ஒரு தாழ்ந்த கிளை. அந்த அம்மாவே சின்ன வயதில் ஏறிக் குதித்த கிளை. போன வருஷம் ஒரு பையன் அதிலிருந்து விழுந்து கை பிசகிவிட்டது. நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார். ஒரு மாதத்தில் சரியாயிற்று. ஆனால் பள்ளி நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. கிளையை வெட்டினார்கள். மரத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். பிறகு இடைவேளையில் ஓடக் கூடாது என்றார்கள். கபடிக்குத் தடை. கடைசியில் மைதானத்துக்கே பூட்டு. 'பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு' என்று அறிவிப்புப் பலகை வேறு!

அந்த அம்மா கேட்டார்: "தோழர், அதே பிள்ளைக சனிக்கிழமையான்னா குட்டியானை வண்டியில முப்பது பேரோட நின்னுக்கிட்டு மொளகாப்பழம் பறிக்கப் போகுதுக. அதுக்கு ஒருத்தரும் பூட்டுப் போடக் காணோமே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கூலிக்கு வைப்பது 2016-ஆம் ஆண்டுத் திருத்தப்படி எந்தத் தொழிலிலும் குற்றம். 'குடும்பத் தொழில்' என்று ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறார்கள். சட்டம் ஏட்டில் இருக்கிறது. பிள்ளை வண்டியில் நிற்கிறது.

ஆனால் கூட்டத்தில் இருந்த ஒரு மில் தோழர் வேறொரு கேள்வி போட்டார். "மில் வாசலில் பாதுகாப்பு வேண்டும் என்று கோஷம் போடுகிற நாமே, பள்ளியில் பாதுகாப்பு அதிகம் என்று குறைப்பட்டால் ஊர் சிரிக்காதா?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த வியாதி முற்றிப் பழுத்த தேசம் இங்கிலாந்து. அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால் நம் ஊர் வேப்பமரத்தின் கதையும் புரியும்.

இங்கிலாந்தில் 1971-ல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது நூற்றுக்கு 9 பேராகச் சுருங்கிவிட்டது. மேயர் ஹில்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் கண்டு சொன்ன கணக்கு இது. இருபது வருஷத்துக்குள் ஒரு தலைமுறையே வீட்டுக்குள் போய்விட்டது! இடையில் பிள்ளைகள் சாலையில் சாவது குறைந்தது உண்மை. சர்க்கார் அதைக் காட்டி, சாலைகள் பத்திரமாகிவிட்டன என்று பெருமையடித்துக் கொண்டது. ஹில்மன் அதை ஒப்பவில்லை. சாலை பத்திரமாகவில்லை, சாலையிலிருந்து பிள்ளையை அப்புறப்படுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான் என்றார். காருக்குக் கடிவாளம் போட்டால் கார் கம்பெனிக்குக் கோபம் வரும். பிள்ளைக்குக் கடிவாளம் போட்டால் யாருக்குக் கோபம் வரும்?

அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கிற நகரசபைக் குடியிருப்புகளில் 'பந்து விளையாடக் கூடாது' என்ற பலகை சர்வ சாதாரணம். பணக்காரன் பிள்ளைக்கு வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது. தொழிலாளி பிள்ளைக்கு அந்தப் புல்தரைதான் உலகம். பலகை தொங்குவது அந்தப் புல்தரையில்.

இதற்கு நேர்மாறான ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 1943-ல், ஜெர்மன் நாஜிப் படை அந்த நாட்டை மிதித்துக் கொண்டிருந்த காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் என்ற இடத்தில் தொழிலாளர் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் திறந்தது. ஊஞ்சல் இல்லை, சறுக்குமரம் இல்லை. பழைய பலகை, செங்கல், சுத்தியல், ரம்பம், ஆணி. பிள்ளைகள் தாங்களே குடிசை கட்டினார்கள், குழி வெட்டினார்கள். பெரியவர் ஒருவர் கூட இருப்பார், கட்டளை போட மாட்டார். போர் முடிந்த பிறகு லேடி ஆலன் என்ற ஆங்கிலேய அம்மையார் இதைப் பார்த்துவிட்டுப் போய், லண்டனில் குண்டு விழுந்து இடிந்த மனைகளில் இதே மாதிரி மைதானங்கள் அமைக்கப் பாடுபட்டார். விரலில் சுத்தியல் பட்டிருக்காதா? பட்டிருக்கும். பட்ட பிள்ளை அடுத்த அடியைப் பார்த்து அடித்திருக்கும். கொத்தனார் மகனுக்கும் தச்சர் மகனுக்கும் இதை யாரும் புத்தகம் போட்டுச் சொல்லத் தேவையில்லை. நானே கிணற்றில் தள்ளப்பட்டு நீச்சல் படித்தவன். தள்ளிய அண்ணன் கூடவே குதித்தார் என்பதையும் சொல்லி விடுகிறேன்.

அப்புறம் இந்த விதிகள் எங்கிருந்து வந்தன?

2004-ல் வட இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் கொட்டை விளையாட்டு ஆடும் பிள்ளைகளுக்குக் கண் கண்ணாடி வாங்கிப் போட்டார் என்று பத்திரிகைகள் ஊரைக் கூட்டின. கொட்டையை ஓட்டை போட்டு நூலில் கோத்து, ஒருவன் கொட்டையை மற்றவன் கொட்டையால் அடித்து உடைக்கிற விளையாட்டு. நம் ஊர் பம்பரக் குத்து மாதிரி. பாதுகாப்புச் சட்டத்தின் கூத்தைப் பாரீர் என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் வருஷக் கணக்கில் கெக்கலி கொட்டின. ஆனால் தொழிற் பாதுகாப்பு இலாகா, அப்படி ஒரு சட்டமே கிடையாது, பிள்ளைகள் தாராளமாக விளையாடட்டும் என்று தெளிவாகச் சொன்னது. 2012-ல் அறிக்கையே விட்டது: விளையாட்டில் கொஞ்சம் ஆபத்து இருக்கத்தான் வேண்டும், எல்லா ஆபத்தையும் துடைப்பது நோக்கமல்ல என்று.

சட்டத்தில் இல்லாத விதி பள்ளியில் எப்படி வந்தது? வழக்குப் பயம். நஷ்டஈட்டுப் பயம். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் காகிதம். பிள்ளைக்குக் காயம் படுமே என்ற கவலையைவிட, பட்டால் நம்மேல் பழி வருமே என்ற கவலை பெரிது. தலைமையாசிரியர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. மேலே இருக்கிறவன் பழியைக் கீழே தள்ளுகிறான். அவர்கள் இன்னும் கீழே, பிள்ளையின் தலையில் தள்ளுகிறார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். உண்மையான பாதுகாப்புச் சட்டம் யாருடைய சொத்து? 1833-ல் இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. தேசம் முழுவதற்கும் நாலே நாலு இன்ஸ்பெக்டர்கள். அவர்களில் லியோனார்டு ஹார்னர் என்பவரின் அறிக்கைகளை மார்க்ஸ் 'மூலதன'த்தில் எடுத்தாண்டு, அவரைப் புகழ்ந்தும் எழுதினார். 1974-ல் வந்த சட்டம் அந்தப் பரம்பரையில் வந்தது. அந்த வருஷம் வேலையில் செத்த தொழிலாளர்கள் 650 பேர். சமீப வருஷங்களில் அது ஆண்டுக்கு 150-க்குக் கீழே. சுரங்கங்களும் பெரிய ஆலைகளும் மூடப்பட்டதும் ஒரு காரணம்தான். ஆனாலும் சட்டம் உயிர் காத்தது.

முதலாளிகளுக்கு இது பொறுக்குமா? 2010-ல் வந்த கன்சர்வேடிவ் தலைமையிலான சர்க்கார் யங் பிரபுவை வைத்து ஒரு அறிக்கை தயாரித்தது. (அறிக்கை வந்த அடுத்த மாதமே, மந்தத்தால் ஜனங்களில் பெரும்பாலோருக்குக் கஷ்டமே இல்லை என்று வாய் விட்டுப் பதவியை இழந்தார் அந்தப் பிரபு.) பாதுகாப்பு இலாகாவின் பணத்தில் நூற்றுக்கு 35 வெட்டு. 2011-ல் முன்கூட்டிப் போய்ச் சோதிக்கிற சோதனைகளில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. 2012 ஜனவரியில் பிரதம மந்திரி கேமரன், இந்தப் பாதுகாப்புக் கலாசாரத்தையே ஒழித்துக் கட்டுவேன் என்று முழங்கினார். பிள்ளைகளின் கொட்டை விளையாட்டைக் காட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் பாக்டரி இன்ஸ்பெக்டரைக் காணோம்!

2017 ஜூன் 14. லண்டனில் கிரென்பெல் டவர் என்ற 24 மாடி நகரசபைக் குடியிருப்பு. நாலாவது மாடியில் ஒரு குளிர்ப்பெட்டியில் பிடித்த தீ, சுவருக்கு வெளியே போர்த்தியிருந்த தகடுகளைப் பற்றிக் கொண்டு உச்சி வரை ஓடியது. துத்தநாகத் தகட்டுக்குப் பதிலாக, உள்ளே பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு போர்த்தி மிச்சம் பிடித்த தொகை மூன்று லட்சம் பவுன் கூட இல்லை. இறந்தவர்கள் 72 பேர். அதில் 18 பேர் குழந்தைகள். 2009-லேயே லண்டனில் லகானல் ஹவுஸ் என்ற கட்டிடத்தில் ஆறு பேர் வெந்து செத்திருந்தார்கள். தீ விதிகளைத் திருத்துங்கள் என்று 2013-ல் சாவு விசாரணை அதிகாரி சொல்லியிருந்தார். திருத்தி முடிக்கவில்லை. ஒரு புது விதி போட வேண்டுமானால் இரண்டு பழைய விதிகளை ரத்து செய் என்பது அப்போது சர்க்காரின் கொள்கை! விதிகளைக் குறைக்கும் வெறியில் உயிர் காக்கும் காரியங்கள் கூட அலட்சியம் செய்யப்பட்டன, தள்ளிப் போடப்பட்டன என்று 2024 செப்டம்பரில் விசாரணைக் கமிஷனே எழுதியது.

புல்தரையில் பந்து உருட்டக் கூடாது என்று பலகை வைக்கத் தெரிந்த தேசத்துக்கு, பிள்ளைகள் தூங்குகிற சுவரில் எரிகிற தகட்டைப் போர்த்தக் கூடாது என்று சொல்ல முடியவில்லை.

மில் தோழருக்கு என் பதில் இதுதான். ஒரு பாதுகாப்பு விதி வந்தால், அதற்கு விலை கொடுப்பவன் யார் என்று பாருங்கள். பிள்ளையின் ஓட்டத்தை, பெண்ணின் நடமாட்டத்தைப் பிடுங்கி, நிர்வாகத்துக்குக் காலணாச் செலவு வைக்காத விதியா? சந்தேகப்படுங்கள். முதலாளியின் பெட்டியிலிருந்து பணம் எடுக்க வைக்கிற விதியா? விடாதீர்கள்.

நம் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்களைப் பாருங்கள். திண்டுக்கல், கோவை, திருப்பூர் வட்டாரங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பெண்களைக் கொண்டு வந்து அடைத்த கதை உங்களுக்குத் தெரியும். வெளியே போகத் தடை, போனுக்குத் தடை, கடைக்குப் போனாலும் வார்டன் காவல். கேட்டால் 'வயசுப் பெண்களின் பாதுகாப்பு' என்பார்கள். அவ்வளவு கவலை உள்ளவர்கள் பஞ்சுத் தூசியை உறிஞ்ச மிஷின் வைக்கலாமே? ஓடுகிற சக்கரத்துக்கு மூடி போட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவு சொன்னது; எத்தனை இடத்தில் போட்டார்கள்? அந்தச் சட்டத்தையும் 2025 நவம்பர் 21-ல் எடுத்துவிட்டு, புதுத் தொகுப்பைக் கொண்டு வந்திருக்கிறார்கள். மின்சாரம் ஓடுகிற பட்டறையில் பத்து பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது போய், இருபது பேர் வேண்டுமாம். இன்ஸ்பெக்டருக்கும் புதுப் பெயர்: ஆய்வாளரும் உதவியாளரும்! யாருக்கு உதவியாளர் என்பதைச் சொல்லவா வேண்டும்?

அந்தக் கிராமத்தில் நாங்கள் இரண்டு மனு எழுதினோம். ஒன்று பள்ளிக்கு: மைதானத்தைத் திற, முள்கம்பியை எடு, இடைவேளையில் பார்த்துக் கொள்ள முறை வைத்து இரண்டு பெற்றோர் வருகிறோம் என்று. இன்னொன்று கலெக்டருக்கு: சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதை நிறுத்து, காலையிலும் மாலையிலும் பஸ் விடு, பிள்ளைகள் வேலைக்குப் போகாமல் இருக்கும்படி பெற்றோருக்குக் கூலி கொடுக்கச் செய் என்று. பள்ளி மைதானம் வைகாசியில் திறந்தது. முள்கம்பி இன்னும் இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் ரசீது கொடுத்தார்கள். பஸ் வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் முன்பு கூடுகிறோம். அந்த அம்மாதான் தலைமை.