சுக்குக் காப்பியில் காப்பி கிடையாது

எங்கள் குடியிருப்பின் சலவை அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஆறு வாஷிங் மெஷின்கள். அதில் ஒன்றின் நெற்றியில் ‘ரிப்பேர்’ என்று ஒட்டிய காகிதம் நான் இங்கே குடிவந்த நாளிலிருந்து அப்படியே இருக்கிறது. சனி, ஞாயிறில் அங்கே கால் வைக்க முடியாது. அதனால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் திங்கட்கிழமை மத்தியானம், ஒரு மீட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன்.

போன ஜனவரியில் அப்படி இறங்கியபோது ஒரு பையன் சட்டைக் காலரைச் சோப்புக்கட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஏழெட்டுச் சட்டைகள், எல்லாம் வெள்ளை. டிரையர் மேல் சாய்த்துவைத்த போனில் ஒரு அம்மாள் பேசிக்கொண்டிருந்தார். மொழி புரியவில்லை. ஆனால் நடுவில் ஒரு சேவல் கூவியது. உச்சிவேளையில், பனி கொட்டும் நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில், அசல் சேவல் குரல். அவனுக்கு ஊர் டோங்கா. இங்கே திங்கள் பகல் பன்னிரண்டு மணியென்றால் அங்கே செவ்வாய் காலை ஆறு.

பையனை எனக்கு முன்பே தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் அழைப்பு மணி அடித்தபோது கேமராவில் பார்த்தேன்: வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, இரண்டு பேர். டிவியை ம்யூட் செய்துவிட்டு, சொந்த வீட்டில் திருடனைப்போல மூச்சடக்கி உட்கார்ந்திருந்தேன். கடவுளைக் கதவு தட்டி விற்பவர்கள் யாராக இருந்தாலும் எனக்கு ஆகாது. அந்த அபிப்பிராயம் இன்றைக்கும் மாறவில்லை.

இவர்களை மார்மன் என்று ஊரெல்லாம் சொன்னாலும் அது பட்டப்பெயர்தான். 2018-ல் அவர்களுடைய தலைவரே அப்படி அழைக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கியது. தலைமையகம் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி. பைபிளோடு மார்மன் புத்தகமும் அவர்களுக்கு வேதம். உலகம் முழுக்க 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இப்படி ஊழியத்தில் இருக்கிறார்கள். ஆண்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். எந்த ஊர் என்பதைச் சபைதான் முடிவு செய்யும். சம்பளம் கிடையாது. அமெரிக்கக் குடும்பமாக இருந்தால் மாதம் 500 டாலர் இவர்கள்தான் கட்ட வேண்டும்.

ஒளிந்துகொள்வது என் அம்மாவிடம் செல்லவில்லை. கோயம்புத்தூர் பக்கம் போத்தனூரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தாள். அடுத்த முறை மணி அடித்தபோது நான் அறைக்குள் மீட்டிங்கில் இருந்தேன். அவள் போய்த் திறந்துவிட்டாள்.

“ரண்டு பசங்க குளுருல நிக்குதுங்க கண்ணு. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்குதுங்க. நீ வந்து கூப்புடு.”

பெண் மட்டும் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் போகக் கூடாது, அது விதி. விதிகளுக்குக் குறைவில்லை. காலை ஆறரைக்கு எழுந்து, இரவு பத்தரைக்குப் படுக்க வேண்டும். காதல் கூடாது. ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்கக் கூடாது. அந்தக் கூட்டாளியையும் அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மேலிடம் சேர்த்துவைக்கும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் மாற்றலில் பிரித்தாலும் பிரிக்கும். ஜாதகம்கூடப் பார்க்காத ஏற்பாடு. டோங்காக்காரனுக்கு வாய்த்த ஜோடி ஐடஹோ மாநிலத்துப் பையன். ஒல்லிப்பிச்சான், எந்நேரமும் கொட்டாவி விடுபவன்.

அம்மா பேர் கேட்டாள். இருவரும் ‘எல்டர்’ என்று தொடங்கிக் குடும்பப் பெயரைச் சொன்னார்கள். ஊழியம் முடியும்வரை அவர்களை யாரும் சொந்தப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தமிழ் பைபிளில் எல்டருக்கு ‘மூப்பர்’ என்று போட்டிருக்கும். மீசை அரும்பாத மூப்பர்கள் எங்கள் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா கேட்காமலே டிக்காஷன் இறக்கிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றார்கள். டீ? அதுவும் வேண்டாம். மது, புகையிலை, காப்பி, டீ நான்கும் 1833-லிருந்து அவர்களுக்கு விலக்கு. கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவர் காப்பித் தண்ணிகூடக் குடிக்காமல் போனால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். அம்மா முகம் சுண்டிப்போயிற்று. சட்டென்று உள்ளே போய் சுக்கு, மல்லி, கருப்பட்டி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து இரண்டு டம்ளரில் கொண்டுவந்தாள். “சுக்குக் காப்பி” என்று அவள் சொன்னதில் ‘காப்பி’ மட்டும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. டம்ளரை நோக்கிப் போன கைகள் அந்தரத்தில் நின்றன. பேரில்தான் காப்பி, உள்ளே ஒரு கொட்டையும் கிடையாது என்று நான் வக்காலத்து வாங்க வேண்டியதாயிற்று. டோங்காக்காரன் மோந்து பார்த்தான். ஒரு வாய் குடித்து, இருமி, கண்ணில் நீர் வழியச் சிரித்தான். இன்னொரு டம்ளர் கேட்டான்.

அதற்கப்புறம் சலவை அறையில் சிநேகமாகிவிட்டோம். திங்கட்கிழமைதான் அவர்களுக்குத் துணி துவைக்க, மளிகை வாங்க, வீட்டோடு பேச விட்ட நாள். 2019 பிப்ரவரிக்கு முன்பு வீட்டோடு பேசுவது வருஷத்துக்கு இரண்டே தடவை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி கடிதமும் மின்னஞ்சலும்தான். இப்போது வாரம் ஒருமுறை. 2002-ல் நான் வந்தபோது காலிங் கார்டைச் சுரண்டி ஞாயிறுதோறும் எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிடுவேன். அம்மா ஓடிவந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள், இன்னும் இரண்டு நிமிஷம்தான் பாக்கி என்று ஒரு பெண் குரல் குறுக்கே வரும். அந்தக் குரல்மேல் இன்னமும் எனக்குக் கோபம் உண்டு.

எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று டோங்காக்காரனைக் கேட்டேன். பதினான்கு மாதத்தில் இரண்டு பேர். ஒருவர் டெக்சஸுக்குப் போய்விட்டார், இன்னொருவர் போன் எடுப்பதில்லை. இந்திய வீடுகள் எப்படி? “தண்ணீர் தருவார்கள், வாழைப்பழம் தருவார்கள். புத்தகத்தை மட்டும் வாங்க மாட்டார்கள்.”

உனக்கு நிஜமாகவே நம்பிக்கை இருக்கிறதா என்றும் கேட்டேன். ஐடஹோக்காரன் மனப்பாடமாக ஒரு பதில் சொன்னான். இவன் சட்டையை உதறி மடித்தபடி யோசித்தான். “காலையில் முழங்கால் போடும்போது தூக்கம்தான் வரும். சில நாள் யாரோ கேட்கிற மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் மற்ற நாட்களை ஓட்டுகிறேன்.” 1978 வரை கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் மறுத்த சபைதானே என்று குத்தினேன். தெரியும் என்றான். அதற்குமேல் அவனிடம் பதிலில்லை. நானும் விட்டுவிட்டேன், பத்தொன்பது வயதில் என் வீட்டுக் கூடத்தில் நான் யாரை எதிர்த்துக் கேட்டேன்?

இவர்களுடைய முன்னோடிகள் நம் பக்கம் எப்போதோ வந்துவிட்டார்கள். 1853 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ‘மான்சூன்’ என்ற கப்பல் பதின்மூன்று ஊழியர்களோடு கிளம்பி, ஏப்ரல் கடைசியில் கல்கத்தா சேர்ந்தது. அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் ஸ்கெல்டனோடு அங்கிருந்து மதராஸ் வந்தார். மனைவி மக்கள் யூட்டாவில். அந்தக் காலத்து வழக்கப்படி கையில் காசு வைத்துக்கொள்ளாமல் வந்தவர்கள். மதராஸில் பத்திரிகைகூட அச்சடித்துப் பார்த்தார். ஊர் அசைந்துகொடுக்கவில்லை. அவர்களை ஊழியத்துக்கு அழைத்த அதே 1852 ஆகஸ்ட் மாநாட்டில்தான் பலதார மணத்தையும் சபை பகிரங்கமாக அறிவித்திருந்தது. அந்தச் செய்தி எங்கும் இவர்களைத் துரத்திக்கொண்டே வந்தது. ஒரு வருஷத்தில் பாலன்டைன் ஊர் திரும்பக் கிளம்பிவிட்டார். சபை பலதார மணத்தை விட்டது 1890-ல்.

அத்தனை பேர் கடல் தாண்டி வந்து ஆகாத காரியத்தை ஒரு துண்டுப் பிரசுரம் செய்தது. கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் கைக்கு அது எப்படியோ வந்து சேர்ந்தது. யூட்டாவுக்கு அவரே கடிதம் எழுதி, வருஷக்கணக்கில் காத்திருந்து, 1965-ல் ஞானஸ்நானம் பெற்றார். அவர்களுடைய எழுத்துகளைத் தமிழாக்கவும் செய்தார். அவர் கடிதம் எழுதும்வரை அவர் வீட்டுக் கதவை எந்த மூப்பரும் தட்டவில்லை. அம்மாவிடம் சொன்னேன். “நம்மூர்லயா?” என்றாள். அவளை அசைத்தது வேறு சங்கதி: மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி கிடந்து, மிச்சமாகும் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள் என்பது. “நாம ஏகாதசிக்கு அந்தக் காசையும் சேர்த்துப் பலகாரம் பண்ணித் தின்னுபோடறோம்” என்றாள்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை இறங்கினால் வெள்ளைச் சட்டைகளுக்குப் பக்கத்தில் புதுப்பையன் நிற்கிறான். டோங்காக்காரனுக்கு மாற்றல், தெற்கே எங்கோ. கொட்டாவி மட்டும் பழைய கொட்டாவி. புதியவன் ‘ரிப்பேர்’ மெஷினில் காசைப் போட்டுவிட்டு அதைத் தட்டிக்கொண்டிருந்தான். என்னிடமிருந்த குவார்ட்டர்களைக் கொடுத்து அடுத்த மெஷினைக் காட்டினேன்.

அம்மா ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டாள். போகுமுன் அரைத்துவைத்த பொடி சமையலறை அலமாரியில் இருக்கிறது. பாட்டில்மேல் ‘சுக்குக் காப்பிப் பொடி’ என்று எழுதி ஒட்டியிருந்தவள், என்ன நினைத்தாளோ, ‘காப்பி’யை மட்டும் பேனாவால் இரண்டு தடவை அடித்திருக்கிறாள்.