அந்நியம் என்று சொன்ன பெட்டி

எங்கள் வீட்டு முன்னறையிலே, புத்தக அலுமாரிக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவில், கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. இரவு பகலாக மெல்ல இரைந்துகொண்டேயிருக்கும். ஹட்டனின் மார்கழிக் குளிரில் அதன் மேற்புறம் சற்றே வெதுவெதுப்பாயிருப்பதால் எங்கள் பூனைக்கு அதுவே படுக்கை. வீட்டுக்கு வரும் பெரியவர்கள், "இது என்ன, புதுமாதிரி வானொலியா?" என்று கேட்பார்கள். கோப்புச் சேர்வர் என்று சொன்னால் மேலும் நான்கு கேள்விகள் பிறக்கும். ஆதலின், "எங்கள் குடும்பத்துப் பெட்டகம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். சென்ற கிழமை உயர்தர வகுப்பு மாணவர் இருவர், இத்தகைய பெட்டியின் நிலைப்பொருளைப் புதுப்பிப்பது அவசியமா, ஆபத்தா என்று என்னை வழிமறித்துக் கேட்டனர். பாடவேளை ஒன்றிலே சொல்லி முடியும் விஷயமன்று. அதனை இந்த வாரம் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பெட்டகத்தில் இருப்பது பொன்னும் மணியும் அல்ல. பழங்கடதாசிகளின் படங்களும் சில பாட்டுக்களுமே. என் பாட்டனார் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக்கு உழைத்தவர். செக்ரோலில் அவருக்கு ஒரு பெயர். பிள்ளையின் பிறப்புப் பதிவிலே தகப்பன் என்ற இடத்தில் வேறொரு பெயர். கப்பற் கடதாசியிலே மூன்றாவது பெயர். மூவரும் ஒருவரே என்பதை எங்கள் வீட்டார் அறிவர், கந்தோர்கள் அறியா.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய கதையை மாணவர்கள் படித்திருப்பார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி, விவாகமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையைக் காட்டினால் குடியுரிமை கிடைக்கும் என்றார்கள். காட்டுவது எதனால்? கடதாசியால். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பத்தில் அடங்கினர். பெற்றவர் ஏறத்தாழ 134,000 பேர். என் பாட்டனார் பெறாதவர் கூட்டத்தில் சேர்ந்தார். 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் என் சிற்றப்பா குடும்பம் நீலகிரியிலுள்ள கூடலூருக்குப் போயிற்று. நாங்கள் இங்கே தங்கினோம். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

ஆகவே எங்கள் வீட்டில் கடதாசியை எறிகிற வழக்கம் இல்லை. ஆனால் மலைநாட்டு ஈரம் கடதாசிக்குப் பகை. டிரங்குப் பெட்டிக்குள் இருந்த கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 2014ஆம் ஆண்டு ஐப்பசியில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர்களோடு எத்தனை வீட்டு டிரங்குப் பெட்டிகள் மண்ணுக்குள் போயிருக்கும் என்று எண்ணினேன். அந்த எண்ணமே இந்தப் பெட்டகத்துக்கு வித்து. என் பழைய மாணவர் ஒருவர், நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பிள்ளை, இன்று கொழும்பிலே கணினித்துறையில் இருப்பவர், பழைய உறுப்புகளை வாங்கி இதனைக் கட்டித் தந்தார்.

உள்ளே வன்தட்டுகள் நான்கு. அவற்றையும் கணினியையும் இணைப்பது ஓர் அட்டை; சேமிப்பகக் கட்டுப்பாட்டு அட்டை என்பது அதன் பெயர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. காலைப் பெரட்டிலே கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுகிறார். ஆள் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார். இன்னார் இன்ன மலைக்குப் போகவேண்டும் என்று பிரிக்கிறார். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தவுடன் அட்டை செய்வதும் அதுவே. எந்தத் தட்டு எத்தனையாவது, எந்தத் துண்டுச் செய்தி எதில் இருக்கிறது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. நான்கில் ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றையும் கொண்டு இழந்ததைக் கணித்தெடுக்கலாம். ரெயிட் என்ற இந்த ஏற்பாட்டைப் பெர்க்லி ஆராய்ச்சியாளர் மூவர் 1988இல் ஒரு கட்டுரையிலே வகுத்துரைத்தனர்.

கணக்கப்பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்கும் விதிகள் இருக்கின்றனவே, அவைதாம் நிலைப்பொருள். இளைஞர்கள் ஃபேர்ம்வெயர் என்பார்கள். அஷர் ஒப்லர் என்பார் 1967இல் அச்சொல்லை வழக்கிற் கொணர்ந்தார். வன்பொருளும் அன்று, எளிதில் மாற்றும் மென்பொருளும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது. அட்டையிலுள்ள சிறிய சில்லிலே அது பதிந்திருக்கும். புதுப்பித்தல் என்பது அந்தச் சில்லை அழித்து மறுபடி எழுதுவது. அழித்தபின் எழுதி முடியும்வரை அட்டைக்கு அறிவே இல்லை. அந்தச் சில நிமிடத்தில் மின்சாரம் போனால், மறுபடி எழுந்திருக்கவும் அதற்கு வழி தெரியாது போகலாம்.

அப்படியானால் தொடாமலே இருந்துவிடலாமே என்பீர்கள். 2019ஆம் ஆண்டு கார்த்திகையில் ஹெவ்லெட் பக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் ஓர் அவசர அறிவித்தல் விடுத்தது. அது விற்ற சில வகைத் திண்மநிலைத் தட்டுகள், சரியாக 32,768 மணித்தியாலம் ஓடியதும் செத்துவிடும், உள்ளிருப்பது மீளாது, நிலைப்பொருளைப் புதுப்பிப்பதே மருந்து. 32,768 மணி என்பது மூன்று ஆண்டு, 270 நாள், 8 மணி. ஒரே நாளில் பூட்டிய நான்கு தட்டும் ஏறத்தாழ ஒரே வேளையில் சாகுமாயின், ஒன்றுக்கொன்று துணை என்ற ரெயிட் ஏற்பாடு என்ன செய்யும்? அங்கே புதுப்பியாதவன் கெட்டான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2009 தை மாதத்தில் சீகேட் நிறுவனத்தின் ஒருவகை வன்தட்டுகள் நிலைப்பொருட் பிழையால் திடீரெனப் பேச்சு மூச்சற்றுப் போயின. நிறுவனம் திருத்தப் பதிப்பை வெளியிட்டது. அம்முதல் திருத்தமே 500 கிகாபைட்டுத் தட்டுகள் சிலவற்றை இயங்காமற் செய்துவிட, அதனை மீட்டுக்கொண்டு வேறொன்று கொடுக்க நேர்ந்தது. இங்கே அவசரப்பட்டுப் புதுப்பித்தவன் கெட்டான். ஆகவே, புதியது என்பதற்காகச் செய்வதும் பயத்தினாற் செய்யாதிருப்பதும் இரண்டும் பிழை. பதிப்போடு வரும் குறிப்பை வாசித்து, அதில் சொல்லப்பட்ட பிழை நம் பெட்டியைத் தொடுகிறதா என்று பார்ப்பவனே காரியக்காரன். சொல்வது எளிது. நான் செய்தது வேறு.

எங்கள் அட்டையின் பழைய பதிப்பிலே ஒரு குறை இருந்தது. எல்லாத் தட்டுகளும் ஒருங்கே மும்முரமாக உழைக்கும்போது ஒன்றைத் தவறவிட்டுவிடும். அந்த ஆண்டிலே இருமுறை அப்படி நடந்து, இருமுறையும் மாணவர் வந்து சீர்செய்தார். திருத்தப் பதிப்பு வந்துவிட்டது என்று அவரே அறிவித்தார். "ஆனா சேர், கண்டிக்கு ஒரு நகல் போன பிறகு செய்யுங்க" என்றும் சொன்னார். கண்டியில் என் அக்கா வீட்டிலே எங்கள் நகல்தட்டு இருக்கும். நான் கடைசியாக அதனைப் புதுப்பித்தது ஏழு மாதத்துக்கு முன். சித்திரை விடுமுறை வந்தது. கையில் நேரம் இருந்தது. கண்டிக்குப் பஸ் ஏறச் சோம்பல் இருந்தது.

சகாசிரியர் ஒருவர், "பஞ்சாங்கம் பார்த்தீரா?" என்று பகடி செய்தார். பகடியானாலும் இந்த வேலைக்கு நேரம் பார்க்கத்தான் வேண்டும். சித்திரையிலே எங்கள் மலைகளில் காலை தெளிவாயிருக்கும்; பிற்பகலில் இடியும் மின்னலும் வந்துவிடும். எனவே காலை எட்டு மணிக்கே உட்கார்ந்தேன். மின்கலப் பெட்டியும் நிறைந்திருந்தது. (1918இலே விமலசுரேந்திரா நீர்மின்சாரத் திட்டத்தை எடுத்துரைத்தார், 1950இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது. எங்கள் மலையருவிகளின் வலிமை கொழும்புக்கு விளக்கேற்றியபோது, அருவிக்கரை லயங்களில் குப்பி விளக்கே எரிந்தது. 2022 பங்குனி முடிவிலோ நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருண்டது. மின்கலப் பெட்டியில்லாமல் இவ்வேலையைத் தொடாதே என்று நான் மாணவருக்குச் சொல்வது அனுபவத்தால்.)

எழுதும் வேலை நான்கு நிமிடத்தில் நன்றாகவே முடிந்தது. பெட்டி மீள எழுந்தது. பெரட்டு நடந்தது. திரையிலே வந்த வாசகத்தை நான் மூன்று முறை வாசித்தேன். நான்கு தட்டுகளும் ஃபொரின், அதாவது அந்நியம், என்றது அட்டை. ஏற்றுக்கொள்ளவா, துடைத்துவிடவா என்றும் கேட்டது.

நான்காண்டு அதே பெட்டியில், அதே அட்டையின் கீழ் உழைத்த தட்டுகள்! எனக்குச் சிரிப்பும் வந்தது. வயிற்றிலே ஒரு குளிரும் வந்தது. மாணவர் வேலைத்தலத்தில் இருந்தார். மாலைவரை பேச முடியாது. மதியம் திரும்பியதும் மலைமேல் கருமேகம் திரண்டது. திரையைப் பார்த்தபடியே நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அம்மா வந்தார்.

"தம்பி, அக்கா பாடினதெல்லாம் போச்சா?"

பெரியம்மா மாசி மாதம் காலமானார். அதற்கு முன் தைப்பொங்கல் விடுமுறையிலே அவர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், கொழுந்து மலையில் எதிர்ப்பாட்டாகப் பாடியவையும், இரண்டு நாள் உட்கார்ந்து பதிவுசெய்தேன். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தது இலக்கிய வரலாறு. என் பெரியம்மாவின் குரலைத் தொகுக்க நான் ஒருவனே இருந்தேன். கடதாசிகளுக்கு மூலம் இருக்கிறது. பாட்டுக்களுக்கு மூலம் பெரியம்மா. கண்டித் தட்டிலே அவை இல்லை. அம்மாவுக்கு, "இல்லையம்மா, பார்க்கலாம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

மாலை ஆறரைக்கு மாணவர் பேசினார். "சேர், எதையும் அழுத்தலையே?"

"இல்லை."

"நல்லது. இப்ப மின்சாரத்த நிப்பாட்டலாம். அந்தக் கேள்வியில நிக்கிற வரைக்கும் தட்டுல ஒண்ணும் எழுதாது. இடி ஓயட்டும். காலையில பார்ப்போம்."

அவர் அன்றிரவு விளக்கியது இது. தட்டுகள் எப்படி ஒழுங்குசெய்யப்பட்டன என்ற குறிப்பு ஒவ்வொரு தட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது. அட்டையின் ஞாபகத்திலும் ஒரு பிரதி உண்டு. புதுப்பித்தபோது அந்த ஞாபகம் வெறுமையாயிற்று. தட்டிலே ஓரெழுத்தும் மாறவில்லை. தன் ஏட்டிலே பெயரில்லாத நால்வர் வாசலில் நிற்பதாக அட்டை எண்ணுகிறது. ஆகவே அந்நியர் என்கிறது. புதுப்பிக்குமுன் ஏற்பாட்டைத் தனிக் கோப்பாகச் சேமித்துக்கொள்க என்று பதிப்புக் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் இருந்ததாம். நான் முதற் பக்கத்தோடு நிறுத்தியவன். என் பாட்டனாரின் விண்ணப்பத்தைத் தள்ளிய கந்தோரை அந்த இரவிலே நினைத்துக்கொண்டேன்.

மறுநாட் காலை அவர் கேட்டது ஒரே கேள்வி. முந்திய மாலையில் நான்கு தட்டும் நன்னிலையில் இருந்தனவா? அல்லது ஒன்று முன்னரே தவறவிடப்பட்டிருந்ததா? தவறவிடப்பட்ட தட்டு பழைய செய்தியோடு நின்றுவிடும். அதனையும் புதியதென்று சேர்த்தால் நல்லதும் கெட்டுப்போகும். நல்லவேளையாக முந்திய மாலை நிலைத்திரையை நான் கைத்தொலைபேசியிற் படமெடுத்து வைத்திருந்தேன், நான்கும் நலம். பின்னர், ஏற்றுக்கொள்ளுமுன் அட்டை என்ன காண்கிறது என்று முன்னோட்டம் பார்க்கச் சொன்னார். நான்கு தட்டு, ஒரே தொகுதி, குறையில்லை. "இப்ப ஏத்துக்கங்க சேர்." அழுத்தினேன். பெட்டி வழக்கம்போல் இரைந்தது. முதலில் திறந்தது பெரியம்மாவின் தாலாட்டு. அம்மா சமையலறையிலிருந்து வரவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும் நின்றது.

துடைத்துவிடு என்பதை அழுத்தியிருந்தால்? தட்டின் குறிப்புகள் அழிந்திருக்கும். வல்லவர் ஒருவர் மீட்டிருக்கவும் கூடும். பணமும் நாட்களும் போயிருக்கும். கேள்வி விளங்காதபோது விடை அழுத்தாதிருத்தலே அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

அதன்பின் பெட்டியின் அமைப்பையே மாணவர் மாற்றிவிட்டார். இப்போதுள்ள அட்டை தட்டுகளை உள்ளபடியே கணினிக்குக் காட்டுவதோடு நின்றுகொள்ளும். ஒழுங்கும் சரிபார்ப்பும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பின் வேலை. அட்டை பழுதானால் வேறோர் அட்டையைச் செருகித் தட்டுகளைத் தொடர்ந்து வாசிக்கலாம். வீட்டில் இத்தகைய பெட்டி வைத்திருப்போர் பலர் இம்முறையையே விரும்புகின்றனர். ஆயினும் ரெயிட்டோ இசட்எஃப்எஸ்ஸோ நகலாகாது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் நான்கு தட்டிலும் ஒருங்கே அழியும். வீட்டோடு வெள்ளம் கொண்டுபோனால் நான்கும் போகும். இப்பொழுது ஒவ்வொரு தவணை முடிவிலும் கண்டிக்குப் பஸ் ஏறுகிறேன். இன்னொரு நகல் கூடலூருக்குப் போயிருக்கிறது. சிற்றப்பாவின் மகன் அதிலே தன் தகப்பனாரின் பதினேழு வயதுப் படத்தைக் கண்டு இரவிலே அழைத்துப் பேசினான். பிறருக்கும் பயன்படக்கூடிய தோட்டத்து வெளியீடுகள் சிலவற்றை, 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவிற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.

அட்டைக்கு மேலும் ஒரு புதிய பதிப்பு வந்திருப்பதாக மாணவர் போன கிழமை எழுதினார். குறிப்பை இரு பக்கமும் வாசித்தேன். எங்களிடமில்லாத ஒருவகைத் தட்டுக்கான திருத்தம் மட்டுமே அதில் இருந்தது. விட்டுவிட்டேன். பூனை எழுந்திருக்கவில்லை.