ஜூலியாவை எதுவரை மாற்றலாம்?

பழைய ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவைப் புதுப்பிக்கும்போது ஆலை பொருத்திய எதையுமே மாற்றக் கூடாது என்ற வாதத்தை ஏற்க முடியாது. அந்தக் காரின் வரலாறே அதற்கு எதிரான சாட்சி. 1962-இல் மோன்சாவில் அறிமுகமான ஜூலியா டிஐ, டிரம் பிரேக்குகளுடன்தான் வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஆலையே டிஸ்க் பிரேக்குக்கு மாறியது. அதன் 1570 சிசி இரட்டைக் கேம்ஷாஃப்ட் எஞ்சினின் வம்சமும் பின்னர் 1779, 1962 சிசி என்று வளர்ந்தது. எனவே முதல்கால ஜூலியாவில் டிஸ்க் பிரேக்கையோ பிற்கால ஆல்ஃபா எஞ்சினையோ பொருத்துவது, அதைப் படைத்த பொறியாளர்கள் போன பாதையில் போவதே.

அப்படியானால் இன்றைய வேறு எஞ்சினையும் பொருத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. அந்த அலுமினிய எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும்தான் ஒரு குடும்பக் காரைப் பந்தயக் குணம் கொண்டதாக்கின. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கூடு. உடற்கூட்டை வெட்டாமல், கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்தி, பழைய நிலைக்குத் திரும்ப வழிவிடும் மாற்றமே நியாயமானது. ஆனால் சுமார் 500 மட்டுமே உருவான டிஐ சூப்பர் என்ற ஜூலியா வகையில் அந்த உரிமையும் கிடையாது. அது காக்கப்பட வேண்டிய ஆவணம். மற்ற ஜூலியாக்கள் பாதுகாப்பாகச் சாலையில் ஓடட்டும். ஓடும் காருக்குத்தான் பராமரிப்பு கிடைக்கிறது.