தெரிந்த சொல்லே கவிழ்க்கும்

அரிய ஆங்கிலச் சொற்களுக்கு நான் அஞ்சியதில்லை. பொருள் தெரியாதபோது அகராதியை எடுப்போம், பிழை நேராது. பழைய பொருளில் வரும் தெரிந்த சொற்களே ஆளைக் கவிழ்ப்பவை.

பத்திரிகைத் தொழிலில் நுழைந்த புதிதில் வழக்குச் செய்தி ஒன்றை மொழிபெயர்த்தேன். குத்தகை உறுதியொன்றில் 'டிமைஸ்ட் பிரமிசஸ்' என்றிருந்தது. 'டிமைஸ்' என்றால் மரணம் என்பது மட்டுமே நான் அறிந்தது. 'காலமானவரின் வீடு' என எழுதிவிட்டேன். மறுநாள் வீட்டின் சொந்தக்காரர் காரியாலயத்துக்கு நேரில் வந்து நின்றார்! (சிரித்துக்கொண்டு வந்தார், என் அதிர்ஷ்டம்.)

சட்ட ஆங்கிலத்தில் அச்சொல் குத்தகைக்குக் கொடுத்தலைக் குறிக்கும். ஆதியில் அதன் பொருள் சொத்தைக் கைமாற்றுதல். மன்னர் இறந்தால் முடியுரிமை கைமாறும். அதற்கும் அச்சொல்லையே வழங்கினர். அவ்வழியாகவே மரணம் என்ற பொருள் பிறந்தது.

1611 ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் 'பிரிவென்ட்' என்பது முந்திச் செல்லுதல். பிரித்தானியக் கடவுச்சீட்டில் 'லெட்' என்றால் தடை, அனுமதி அன்று.

இலங்கையில் காணி உறுதிகளுக்கு 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் உள்ளது. அக்காலத்து ஆங்கிலம் நம் வளவுகளை இன்னும் ஆள்கிறது. நமது ஆங்கில - தமிழ் அகராதிகள் பலவும் இன்றைய பொருளோடு நின்றுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. 1928 இல் நிறைவுற்ற ஒக்ஸ்போர்ட் பேரகராதி, ஒவ்வொரு சொல்லின் பொருள்களையும் வரலாற்று வரிசையில் தருகிறது. உறுதிகளை மொழிபெயர்ப்போர் கையிலேனும் அவ்வாறான தமிழ் அகராதி ஒன்று இருக்கவேண்டும். என் பிழையைத் திருத்த நாலு வரி போதுமாயிருந்தது. உறுதியில் நேரும் பிழைக்கு நீதிமன்றப் படியேற வேண்டும்.