கறுப்பு டயர் போட்டா கௌரவம் குறைஞ்சுடுமா?

மொதல்லயே ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். எனக்கும் பழைய கார்னா உசுரு. வெள்ளைப் பட்டை டயர் மாட்டி, வீல் கப் எல்லாம் மின்ன ஒரு அமெரிக்கக் கார் நின்னா, வாயைப் பொளந்துக்கிட்டு பாக்கற ஆளுதான் நானும். அதனால இது வயித்தெரிச்சல்ல எழுதறது இல்லை :-) ஆனா அந்த வெள்ளைக்காக நம்ம ஆளுங்க பண்ற காரியத்தைப் பாத்தா சொல்லாம இருக்க முடியலை. நல்ல வெள்ளை டயர் கிடைச்சா போடுங்க. கிடைக்கலைன்னா நல்ல கறுப்பு டயர் போடுங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற குறுக்கு வழி எல்லாமே வம்பு.

ஏன் இப்ப இந்தப் பேச்சுன்னா, கீழக்கரையில எங்க குடும்பத்துல கல்யாணம் வருது. எங்க மாமாகிட்ட (உம்மாவோட தம்பி) 1952 மாடல் செவர்லே ஒண்ணு இருக்கு. துபாய்ல சம்பாதிச்ச காசுல மெட்ராஸ்ல தேடிப் புடிச்சு வாங்கினது. அமெரிக்காவுல அது நடுத்தரக் குடும்பத்து வண்டி. நம்மூர்ல அன்னிக்கு அது ஜமீன்தார் வண்டி, பெரிய வியாபாரி வண்டி. எங்க ஊர்ல வீடு பொண்ணுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. காரு யாருக்குங்கற பஞ்சாயத்து இன்னும் முடியலை, அது வேற கதை. இப்போதைக்கு மாமாவோட ஒரே கவலை டயர். "கறுப்பு டயர்ல மாப்ளையக் கூட்டிட்டு வந்தா ஊரு சிரிக்கும்ல மருமவனே?"ங்கறாரு.

சிரிக்காது மாமா. ஏன்னா இந்த வெள்ளை டயரோட வரலாறே ஒரு காமெடி.

ரப்பர் பால் வெள்ளை. ஆரம்ப கால டயர்ல அதோட துத்தநாக ஆக்சைடு கலப்பாங்க, அதுவும் வெள்ளை. அதனால அப்போ எல்லா டயருமே வெள்ளை இல்லைன்னா பழுப்பு வெள்ளை. மிஷ்லின் கம்பெனியோட டயர் அடுக்கின பொம்மை 1898ல பொறந்தது. அது ஏன் இன்னிக்கும் வெள்ளையா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அன்னிக்கு டயரோட நெறமே அதுதான்! அப்புறம்தான் கார்பன் பிளாக், அதாவது ஒரு வகைப் புகைக்கரி, சேத்தா ரப்பர் பல மடங்கு உழைக்குதுன்னு கண்டுபுடிச்சாங்க. ரோட்டுல தேயற பாகத்துல மட்டும் கரியைச் சேத்து, பக்கச் சுவத்தை அப்படியே விட்டப்ப வந்ததுதான் வெள்ளைப் பட்டை டயர். அழகுக்காகப் பொறந்ததே இல்லை. மொத்தமும் கறுப்பா டயர் வந்தப்ப அதுதான் ஒசத்தின்னு பணக்காரங்க வாங்கினாங்க. அழுக்குத் தெரியாது, தேய்க்க வேண்டாம்.

அப்புறம் காத்து திரும்பிச்சு. எல்லா வண்டியும் கறுப்பானதும் வெள்ளை ஒசத்தி ஆயிடுச்சு. 1934ல ஃபோர்டு கம்பெனி வெள்ளை டயர் வேணும்னா 11.25 டாலர் தனியாக் குடுன்னு கேட்டுச்சு. அதாவது அன்னிக்கே அது "எக்ஸ்ட்ரா" ஐட்டம். இதுல மாமாவுக்குன்னே ஒரு விஷயம் வச்சிருக்கேன். கொரியப் போர் நேரத்துல, 1951-52 வாக்குல, ரப்பர் தட்டுப்பாட்டால அமெரிக்காவுலயே வெள்ளை டயருக்குப் பஞ்சம். அந்த வருஷத்து வண்டி நெறைய கறுப்பு டயரோடதான் ஷோரூமை விட்டே வெளிய வந்துச்சு. அப்ப 1952 செவர்லேக்கு "ஒரிஜினல்" எது? கறுப்பு போட்டாலும் ஒரிஜினல்தான் :-)

இதைச் சொன்னா, "சினிமாவுல எல்லாம் வெள்ளையாத்தானே இருக்கு"ங்கறாங்க. என்னத்தச் சொல்ல!

சரி, ஆசைப்பட்டுட்டாங்க, எங்க கிடைக்கும்? இங்கதான் கொடுமை. தமிழ்நாடு டயருக்குப் பேர் போன மாநிலம். 1946ல திருவொற்றியூர்ல பலூன் செஞ்சு ஆரம்பிச்சதுதான் எம்.ஆர்.எஃப். ஒரகடத்துல அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர்ல ஜே.கே., தேர்வாய் கண்டிகையில அந்த பொம்மைக்காரன் மிஷ்லினே வந்து உக்காந்திருக்கான். மதுரையில டி.வி.எஸ். ரெண்டு சக்கரத்துக்குச் செய்யுது. இத்தனை இருந்தும், செவர்லே கேக்கற 6.70-15 அளவுல அகல வெள்ளைப் பட்டையோட நாலு டயர் வேணும்னு ராமநாதபுரத்துக் கடையில கேட்டா, மேலயும் கீழயும் பாக்கறாங்க. அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல சட்டனூகாவுல கோக்கர்னு ஒரு கம்பெனி 1958லேர்ந்து இருக்கு. பழைய வண்டி டயர்தான் அவங்க தொழில். நைலான் டயரும் உண்டு, உள்ள ரேடியலா வெளிய பழைய முகமா இருக்கற டயரும் உண்டு. ஆனா இங்க கொண்டு வரணுமே. கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்னு 2009ல உத்தரவு போட்டாங்க. 2020 ஜூன்ல புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியல்ல சேத்து, லைசென்ஸ் வாங்கணும்னு மாத்தினாங்க. நாலே நாலு டயருக்கு எந்த சாதாரண மனுஷன் டெல்லிக்கு எழுதிக்கிட்டு இருப்பான்?

அதனாலதான் குறுக்கு வழி. நான் பாத்த மூணைச் சொல்றேன்.

ஒண்ணு, பெயின்ட். கறுப்பு டயர்ல வெள்ளை பெயின்ட் அடிக்கறது. வண்டி ஓடும்போது டயரோட பக்கம் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி விரியும். பெயின்ட்டு அதோட விரியாது, வெடிக்கும். போதாக்குறைக்கு கறுப்பு ரப்பர்ல வெடிப்பு வராம இருக்கச் சேக்கற எண்ணெய்ப் பசையான மருந்து மெதுவா மேல கசிஞ்சு வரும். கொஞ்ச நாள்ல வெள்ளை டீக்கறை ஆயிடும். பெரிய ஆபத்து இல்லைன்னாலும், டயர்ல வர்ற வெடிப்பை அந்தப் பெயின்ட் மறைச்சுடும். அது ஆபத்து.

ரெண்டு, வளையம். தட்டையான வெள்ளை ரப்பர் வளையத்தை ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல சொருகறது. நின்னா அழகு. ஓடினா அது டயர்ல ஒரசிக்கிட்டே இருக்கும். எங்க ஊர் கடற்கரை ஊர், மணலுக்கா பஞ்சம்? வளையத்துக்கு அடியில மணல் போனா உப்புக் காகிதம் வச்சுத் தேக்கற கதைதான். ரேடியல் டயர் பக்கவாட்டுல நல்லாப் பிதுங்கும், பக்கச் சுவரும் மெல்லிசு. எவ்வளவு நாள் தாங்கும்? இதுல சில பேரு கிரைண்டர் வச்சு பக்கச் சுவத்தையே ராவி வெள்ளை ரப்பர் ஒட்டித் தர்றாங்களாம். ஐயா, நெசமான வெள்ளை டயர்ல வெள்ளை ரப்பரை டயர் செய்யும்போதே உள்ள வச்சு, மேல மெல்லிசா கறுப்புத் தோல் போட்டு வேக வச்சு, அப்புறம்தான் அந்தத் தோலை மட்டும் ராவி எடுப்பாங்க. கறை ஏறாத தனி ரப்பர் அது. நம்மூர்ல ராவினா அடியில இருக்கறது நூல்தான்.

மூணாவதுதான் மகா மோசம். பழைய ஸ்டாக். "புதுசு சார், ஒரு கிலோமீட்டர் கூட ஓடலை"ன்னு எங்கயோ குடோன்ல கெடந்த வெள்ளை டயரைத் தலையில கட்டறது. எங்க சொந்தத்துல ஒருத்தர் ஒரு பெரிய ஊர்க் கடையில அப்படித்தான் வாங்கினாரு. பட்டன் எல்லாம் முழுசா, முள்ளு முடி கூட உதிராம இருந்துச்சு. 2022ல ஒரு நிக்காஹ் முடிஞ்சு ராமநாதபுரத்துலேர்ந்து வரும்போது, திருப்புல்லாணி தாண்டி தடதடன்னு சத்தம். என்னன்னு பாக்கறதுக்குள்ள பின் டயரோட மேல் பட்டை மொத்தமா உரிஞ்சு, மட்கார்டைக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு. வண்டியில மாப்ளை, பொண்ணு, ரெண்டு சின்னப் புள்ளைங்க. ஐம்பதுலதான் வந்திருக்காங்க, அல்லாஹ் காப்பாத்தினான். நான் போய் அந்த டயரைப் பாத்தேன். 0904ன்னு இருந்துச்சு. 2004ஆம் வருஷம் ஒம்பதாவது வாரம் செஞ்சது. பதினெட்டு வருஷத்துக் கிழவன், புது மாப்ளை வேஷத்துல!

இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். டயர் பக்கச் சுவத்துல ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும். மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். மூணே நம்பர்தான் இருக்குன்னா அது 2000க்கு முன்னால செஞ்சது, தொடவே வேண்டாம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல ஓட்டாதேன்னு டயர் கம்பெனிகளே சொல்லுது. அஞ்சு வருஷம் ஆனதும் வருஷா வருஷம் கழட்டிப் பாக்கணும். சும்மா நிக்கற வண்டி டயர்தான் சீக்கிரம் கெடும். ஓடி மடங்கினாத்தான் உள்ள இருக்கற மெழுகு மேல வந்து ரப்பரைக் காப்பாத்தும். கல்யாணத்துக்குக் கல்யாணம் வெளிய வர்ற காருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எங்க உப்புக்காத்து ரிம்மையும் அரிச்சுடும்.

சரிப்பா, அப்ப என்னதான் பண்றதுன்னு கேட்டா, பதில் நம்ம தெருவுலயே நிக்குது. மகிந்திரா பொலிரோ! அதோட 215/75 ஆர் 15 டயரும் பழைய 6.70-15ம் உயரத்துல கிட்டத்தட்ட ஒண்ணு. ரெண்டும் 28 அங்குலத்துக்குப் பக்கம். எந்த ஊர்லயும் புதுசாக் கிடைக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும், போன மாசம் செஞ்சதே கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் கால செவர்லே ரிம் அஞ்சு அங்குல அகலம். பொலிரோ டயருக்கு அதைவிட அகலம் வேணும். கொஞ்சம் ஒடுக்கமான 205/75 கிடைச்சா அப்படியே மாட்டலாம். இல்லைன்னா அகல ரிம் வாங்கி மாட்டுங்க. பழைய ரிம்மைத் துணி சுத்தி அறையில வையுங்க, ஓடிடாது. டயர் மட்கார்டுலயோ ஸ்டீரிங் திருப்பும்போது வேற எங்கயோ ஒரசுதான்னும் பாத்துடுங்க.

வெள்ளையோ கறுப்போ, மாட்டறதுலயும் விஷயம் இருக்கு. ரிம்மைத் துருப் போகத் தேச்சு பெயின்ட் அடிச்சு, விரிசல் இருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க. பழைய ரிம்முல ரிவிட் வழியாக் காத்து போகும், அதனால ட்யூப் வேணும். ரேடியலுக்குன்னு இருக்கற ட்யூபா பாத்து வாங்குங்க. ஒரே அச்சுல ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல்னு கலக்காதீங்க, வண்டி நண்டு மாதிரி போகும். நாலும் ஒரே ஜாதியா இருக்கட்டும், ஸ்டெப்னியும்தான். வெள்ளை டயர் கிடைச்ச பாக்கியசாலிகளுக்கு: மேல நீலமா ஒரு பூச்சு இருக்கும், அது வெள்ளையைக் காப்பாத்தற உறை. மாட்டின பிறகு தண்ணியும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால கழுவுங்க. பஞ்சர் கடைக்காரர் கிரீஸ் கையோட வந்தா சோப்புத் தண்ணியைக் காட்டுங்க. பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீங்க, ரப்பர் காஞ்சு போகும்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில மத்திய அரசு பழைய வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு. அம்பது வயசு தாண்டி, மூல வடிவத்துலயே இருக்கற வண்டிக்கு "வி.ஏ." வரிசையில நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல், ரிப்பேர் மாதிரி காரியத்துக்கு ஓட்டலாம், வாடகைத் தொழில் கூடாது. நல்ல விதிதான். ஆனா வண்டி மூல வடிவத்துல இருக்கணும்னு சொல்ற அதே அரசாங்கம், அதுக்கேத்த டயர் வர்ற கதவைச் சாத்தி வச்சிருந்தா எப்படி? வி.ஏ. நம்பர் வாங்கின ஒவ்வொரு வண்டிக்கும், சில வருஷத்துக்கு ஒரு தடவை, அஞ்சு டயர் சுலபமா இறக்கிக்கலாம்னு ஒரு வரி சேத்தாப் போதும். அஞ்சு டயரால ஒரகடத்து ஆலை மூடிடாது. குடோன் கிழவன்களை விக்கறவங்க யாவாரம் வேணா படுக்கும், படுக்கட்டும்.

அது வர்ற வரைக்கும் நான் மாமாகிட்ட சொல்றது இதுதான். மாப்ளை கார்ல ஊரு பாக்கறது மாப்ளையை, பூ அலங்காரத்தை, மாமாவோட செவர்லே மூக்கை. டயரைப் பாக்கறது என்னை மாதிரி நாலு பேரு. எங்களுக்கு அந்த நாலு நம்பர்தான் அழகு. மாமா இன்னும் முழுசா மசியலை. ஆனா நேத்து பொலிரோ டயர் வெலை என்னன்னு ஃபோன்ல கேட்டாரு, அதுவே பாதி வெற்றி.

செவர்லே இல்லாதவங்க நமக்கில்லைன்னு நழுவாதீங்க மக்கா. உங்க ஆல்ட்டோவோட ஸ்டெப்னியைக் கடைசியா எப்போ பாத்தீங்க? டிக்கியைத் தொறந்து அந்த நாலு நம்பரைப் படிச்சுட்டு வாங்க.