சர்வே கருவியில் சார்ஜ் ஏறலையா? பேட்டரியைத் தூக்கிப்போடும் முன் இதைப் பாருங்க

ஒரு வயலை அளக்க தேதி குறிச்சாச்சு. மனு கொடுத்தவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் நோட்டீஸ் போய், அவர்களும் வரப்பில் நிற்கிறார்கள். மூன்று மூலைகளை அளந்து முடித்து நாலாவது மூலைக்குப் போகும்போது சர்வேயர் கையில் இருக்கும் கருவி அணைந்துபோகிறது. "சார்ஜ் இல்லைங்க, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்." அந்த இன்னொரு நாளுக்கு எல்லாரும் மறுபடி கூடணும். எல்லைத் தகராறு இருக்கும் இடமாக இருந்தால், அதற்குள் கல் நகரவும் வாய்ப்பு உண்டு.

கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத்தான் இருக்கும். ஆனால் நாடு முழுக்க நில அளவை இப்போது பேட்டரியை நம்பித்தான் நடக்கிறது.

ஏன் இப்போது இது முக்கியம்?

கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் மூலம் அளந்து சொத்து அட்டை கொடுக்கும் ஸ்வாமித்வா திட்டம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கியது. 2025 ஜனவரி 18 அன்று ஒரே நாளில் 65 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகள் வழங்கப்பட்டன. கேரளாவில் டிஜிட்டல் மறு அளவை 2022 நவம்பர் 1 அன்று தொடங்கியது. நகரங்களுக்கான நக்‌ஷா திட்டம் 2025 பிப்ரவரி 18 அன்று மத்தியப் பிரதேசத்தின் ராய்சேனில், 152 நகர்ப்புற உள்ளாட்சிகளுக்காகத் தொடங்கிவைக்கப்பட்டது.

மேலே ட்ரோன் பறந்தாலும், தரையில் புள்ளியைச் சரிபார்க்க ஆள் நடந்துதான் போகணும். அவரிடம் இருப்பது ரோவர்: கம்பத்தின் உச்சியில் செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ரிசீவர், கையில் கன்ட்ரோலர். கன்ட்ரோலர் சிம் கார்டு வழியாக, தரையில் இருக்கும் நிரந்தர நிலையங்களிலிருந்து பிழைத்திருத்தத் தகவலை வாங்கி ரிசீவருக்குக் கொடுக்கிறது. அப்படித்தான் சில சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கிறது. இரண்டில் எந்த பேட்டரி போனாலும் வேலை நின்றுவிடும். பழைய அளவுச் சங்கிலிக்கு இந்தக் கவலையே கிடையாது.

பேட்டரிதான் குற்றவாளியா?

"சார்ஜ் ஏறலை" என்றதும் எல்லாரும் பேட்டரியைத்தான் சந்தேகப்படுகிறோம். ஆனால் சுவர் பிளக்கிலிருந்து பேட்டரி வரை மின்சாரம் வரும் பாதையில் அடாப்டர், கேபிள், சார்ஜிங் தொட்டி, உலோக முனைகள் என்று பல இடங்கள் இருக்கின்றன. எங்கே சிக்கல் என்று கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. முதலில் வேறு பிளக். பிறகு வேறு கேபிள். பிறகு வேறு அடாப்டர். கடைசியில், நன்றாக வேலை செய்யும் இன்னொரு கருவியின் பேட்டரியை இதில் போட்டும், இதன் பேட்டரியை அதில் போட்டும் பார்க்கணும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கருவி ஓடும். காரணம் மட்டும் தெரியாது.

உலோக முனைகளையும் மறக்கக்கூடாது. வியர்வை, செம்மண் தூசி, கடலோர உப்புக்காற்று எல்லாம் சேர்ந்து அங்கே ஒரு படலம் உருவாகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டாலே பல கருவிகள் உயிர் பெறும்.

சார்ஜ் ஆகுதுன்னு காட்டுது, ஆனா ஏறலையே?

இது கணக்கு. பழைய கம்ப்யூட்டர் யுஎஸ்பி துளை கொடுப்பது 5 வோல்ட், 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட். வெயிலில் தெரிய ஸ்கிரீன் வெளிச்சத்தை முழுசாக வைத்து, செயற்கைக்கோள் சிக்னல், மொபைல் டேட்டா, புளூடூத் எல்லாம் ஓடும்போது கன்ட்ரோலர் 4 வாட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வருவது 2.5, வெளியே போவது 4. மின்னல் குறி தெரியும். சதவீதம் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

கேபிளும் இதே வேலையைச் செய்யும். மலிவான மெல்லிய கேபிளின் மின்தடை 0.5 ஓம் என்றால், 2 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 1 வோல்ட் காணாமல் போகும். 5 வோல்ட் 4 வோல்ட்டாக வந்து சேர்ந்தால் கருவி தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே கருவியோடு வந்த அடாப்டர், கேபிளை ஆபீசில் யாருடைய போனுக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது கஞ்சத்தனம் இல்லை. ஜீப்பில் சார்ஜ் போடும்போதும், வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு மாட்டுவது நல்லது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும்.

வெயில் என்ன செய்யும்?

லித்தியம் அயான் பேட்டரியைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள்தான் சார்ஜ் செய்யணும். ராஜஸ்தானின் சூருவில் 2024 மே மாதம் 50.5 டிகிரி பதிவானது. கண்ணாடி மூடிய வண்டிக்குள் வெப்பம் வெளியைவிட அதிகம். அந்தச் சூட்டில் சார்ஜர் மாட்டினால், பேட்டரிக்குள் இருக்கும் வெப்ப சென்சார் "வேண்டாம்" என்று சொல்லிவிடும், சார்ஜர் சிவப்பு விளக்கைச் சிமிட்டும். இது பழுது இல்லை, பாதுகாப்பு. நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டால் போதும். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். ஈரம் உள்ளே கோத்துக்கொள்ளும்.

லடாக் குளிரில் இதன் மறுபக்கம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே எதிர்முனையில் படியும். அது திரும்பச் சரியாகாது, உள்ளே ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. அங்கே பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றி, அறைக்குள் வந்த பிறகு சார்ஜ் போடுவதுதான் முறை.

மழைக்காலம் முடிந்ததும் 'செத்துப்போகும்' பேட்டரி

மழை மாதங்களில் களப்பணி குறையும். கருவி பெட்டிக்குள் போகும், பேட்டரி உள்ளேயே இருக்கும். அணைத்துவைத்தாலும் கருவி கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சும். சாதாரணமாக 3.7 வோல்ட்டில் இருக்கும் செல் 2.5 வோல்ட்டுக்கும் கீழே போனால், பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும். சார்ஜருக்கு அப்போது பேட்டரி இருப்பதே தெரியாது.

இந்த நிலையில் அசல் சார்ஜரில் ஒரு மணி நேரம் விட்டுப்பார்க்கலாம். பல சார்ஜர்கள் முதலில் மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கொடுத்து எழுப்பப் பார்க்கும். எழுந்தால் சரி. எழவில்லை என்றால், யூடியூபில் பார்த்தபடி இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து 'ஜம்ப்' கொடுக்கக் கூடாது. மிக ஆழமாக இறங்கிய செல்லுக்குள் செம்பு கரைந்து வேறு இடத்தில் படிந்திருக்கலாம். சார்ஜ் ஏறும்போது அது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். உப்பிய பேட்டரிக்கும் இதுதான் விதி: சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, தனியாக எடுத்து வையுங்க.

இதைத் தவிர்ப்பது சுலபம். சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைக்கணும். மாதம் ஒருமுறை பார்க்கணும். முழு சார்ஜில் மாதக்கணக்கில் சூட்டில் வைப்பதும் பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும்.

30 சதவீதம் காட்டிட்டு திடீர்னு ஆஃப் ஆகுதா?

திரையில் தெரியும் சதவீதம் நேரடி அளவு இல்லை, கருவியின் கணிப்பு. எப்போதும் அரைகுறையாகவே சார்ஜ் போட்டால் அந்தக் கணிப்பு தடம் மாறும். ஒருமுறை கருவி தானாக அணையும் வரை ஓட்டி, இடையில் நிறுத்தாமல் முழுசாகச் சார்ஜ் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் அப்படியே என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. சில நூறு முறை சார்ஜ் ஆன பிறகு கொள்ளளவு குறைவது இயல்பு.

வனத்துறை, ஆய்வுக் குழுக்களில் ஏஏ செல் போடும் கையடக்க ஜிபிஎஸ் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல் போட்டால், செட்டிங்கில் பேட்டரி வகையையும் மாற்றணும். இல்லாவிட்டால் அளவு தப்பாகக் காட்டும். யுஎஸ்பி மாட்டினால் செல் சார்ஜ் ஆகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பல மாடல்களில் அந்த இணைப்பு கருவியை ஓட்டுமே தவிர, செல்லைச் சார்ஜ் செய்யாது. சாதாரண ஆல்கலைன் செல்லை எதிலும் சார்ஜ் போடவே கூடாது.

இது சர்வேயர் பிரச்சினை மட்டுமா?

இதுவரை சொன்னதில் பாதி, களத்தில் இருப்பவர் பழக்கத்தை மாற்றினால் தீரும். மீதிப் பாதி ஆபீஸ் கையில் இருக்கிறது. ஒரு ரோவருக்கு ஒரே ஒரு பேட்டரி கொடுத்துவிட்டு முழு நாள் வேலை கேட்டால், மதியம் நிற்பது சர்வேயரின் தப்பு இல்லை. லட்சக்கணக்கில் விலை போட்டுக் கருவி வாங்கும் டெண்டரிலேயே சில கேள்விகள் இருக்கணும். கூடுதல் பேட்டரி எத்தனை? ஐந்து வருஷம் கழித்தும் அதே பேட்டரி கிடைக்குமா? சொல்லப்படும் எட்டு மணி நேரம், ஏசி அறையில் எடுத்த கணக்கா, மே மாத வயலில் எடுத்த கணக்கா?

மாற்று பேட்டரி கிடைக்காத ஆபீசில்தான் பெயர் தெரியாத மலிவு பேக் உள்ளே வருகிறது. அதில் வெப்ப சென்சார் இல்லாமலே இருக்கலாம். இந்தியாவில் விற்கப்படும் இந்த வகை லித்தியம் செல், பேக்குகளுக்கு ஐஎஸ் 16046 தரப்படி பிஐஎஸ் பதிவு கட்டாயம். வாங்கும்போது அந்தக் குறியைப் பார்க்கணும். பழைய பேட்டரியைக் குப்பையில் போடுவதும் கூடாது. 2022-ன் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரியைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவும் இல்லை. ஒவ்வொரு பேட்டரியிலும் ஒரு எண்ணும் வாங்கிய மாதமும் எழுதி ஒட்டணும். காலையில் எத்தனை சதவீதத்தோடு கிளம்பியது, எத்தனை மணிக்கு அணைந்தது என்று ஒரு நோட்டில் குறிக்கணும். இரண்டு மாதத்தில் எந்த பேட்டரி படுத்துவிட்டது, எந்தச் சார்ஜர் சதி செய்கிறது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். புதுசு கேட்டு மேலிடத்துக்கு எழுதும்போது, "சார்ஜ் நிக்கல சார்" என்பதைவிட அந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.